கொலு வைக்காத வீடு

துலாம் (ஐப்பசி) மாதம், வியாழன் இரவு.

தெருக்கோடி வீட்டு மாமி எங்கள் பத்திரிகைமேல் வழக்குப் போட்டிருக்கிறாள். அவள் புருஷனுக்கு வித்துரா என்ற ஊரில் வேறு குடும்பம் இருப்பதைப் புனைபெயரில் எழுதியவன் நான். பெயரைப் போடவில்லை. 'கோட்டைக்குள் இவ்வருஷம் கொலு வைக்காத வீடு' என்றுதான் எழுதினேன். எங்கள் கோட்டைத் தெருக்களில் சுண்டலுக்கு வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அது போதாதா?

எழுதியவன் பெயரை ஜெயிலுக்குப் போனாலும் சொல்வதில்லை என்று ஆசிரியர் இன்று கோர்ட்டில் சொல்லிவிட்டார். தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தால், அடுக்களையில் மாமி.

"உன்னண்டை மட்டுந்தானே பறஞ்சேன், கோமதி. நீ ஆரண்டையாவது சொன்னையா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. "ஆரண்டையும் சொல்லலை, மாமி."

"அப்போ நாளைக்குக் கோர்ட்டில் வந்து அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லு, கேட்டயா."

கோமதி தலையாட்டினாள்.

மாமி போனபின் எனக்குச் சோறு போட்டாள், மோர் ஊற்றினாள். நாளைக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.