அளக்காமல் விட்ட மின்னழுத்தம்

ஆஹென், மேற்கு ஜெர்மனி, 12 நவம்பர் 1974, செவ்வாய்

நிலவறையில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் சலவை இயந்திரம் இன்று காலை உறுமியதேயன்றிச் சுழலவில்லை.

“வோல்டேஜ் பார்த்தியா?” என்றார், ஆய்வகத்துக்குப் புறப்பட்ட என் கணவர்.

“இது மெட்ராஸ் இல்லீங்க” என்று சிரித்தேன்.

நூல்களைக் கொண்டே மின்னியல் கற்ற நான், மோட்டாரே பழுதென்று தீர்மானித்துக் கழற்றினேன். அதன் கம்பிச்சுருள் என் கையாலேயே அறுந்தது. இனி அது ஓடாது. பிறகுதான் மின்னழுத்தத்தை அளந்தேன். இருநூற்றிருபது இருக்கவேண்டிய இடத்தில் நூற்றெண்பதே இருந்தது. நிலவறைக்கு வரும் மெல்லிய வயரிலேயே ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் அளவு ஏறிற்று. இயந்திரத்தில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

அண்டை வீட்டாரிடம் என்னை ‘எங்கள் பொறியாளர்’ என்று பெருமையுடன் அறிமுகம் செய்பவர் அந்த அம்மையார். நாளை அவருடைய சலவை நாள். எட்டு மணிக்குத் துணிக்கூடையுடன் இறங்குவார். அவரிடம் கூறவேண்டியதை ஜெர்மன் மொழியில் நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் குற்றம் மோட்டாரின் மீதே விழுகிறது.