ஆழப் பக்கத்தில் தரை தெரியவில்லை

செப்டம்பர் 6, 2004, திங்கள்

விடியும்போதே தூறல். விவேக் நகர் ஸ்டாப்பில் அரை மணி நேரம், பஸ் இல்லை. ஆட்டோ பிடித்து அல்சூர் வந்து ஜிம் ஷட்டரைத் தூக்கும்போது மணி ஆறு தாண்டிவிட்டது. வாசலில் நாலு பேர். ஒருவரும் திட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

முதலாளி நாகராஜ் சார் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தார். ‘நம் ஜிம் பற்றி உங்கள் கருத்து’ என்று இங்கிலீஷிலும் கன்னடத்திலும். கீழே வெறும் கோடுகள். பெயர் எழுத வேண்டியது கட்டாயமில்லை. நல்லதாக வருவதைப் பொறுக்கி நோட்டீஸ் அடித்துத் தெருவெல்லாம் கொடுப்பாராம். பெரிய ரோட்டில் ஏசி, கண்ணாடி என்று புது ஜிம் ஒன்று வருகிறது. அந்தப் பயம்.

“நம்ம ரேட்டுக்கு ஸ்விம்மிங் பூல் யாரு குடுக்கறாங்க ஸ்டெல்லா? அத மெம்பர்ஸ் வாயாலயே சொல்ல வைக்கணும்.”

தாள்களைப் போட ஸ்வீட் பாக்ஸில் ஓட்டை போட்டு என் மேசையில் வைத்தாயிற்று. 

செய்ய வேண்டியது:
– லேடீஸ் ரூம் கதவுக் கொக்கி (மூன்று வாரமாகச் சொல்கிறேன்)
– துண்டு, சலவைக்கு
– மகள் நிஷாவின் ஸ்கூல் ஷூ
– தண்ணீர் பற்றி டேவிட்டிடம் மறுபடி

கடைசியதுதான் மண்டையைக் குடைகிறது. குளத்தின் ஆழப் பக்கம் எட்டடி. அடியில் கறுப்பு டைல்ஸில் ஒரு கோடு. போன மாதம் வரை மேலே நின்று பார்த்தால் தெரியும். பத்து நாளாக இல்லை. தண்ணீரில் பால் ஊற்றிய மாதிரி. எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் ஒருவர் அடியில் கிடந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது என்பது புரிய நீச்சல் தெரிய வேண்டியதில்லை.

செப்டம்பர் 7, செவ்வாய்

டேவிட்டிடம் சொன்னேன். கோச் அவர்தான், காவலும் அவர்தான்.

“மழைத் தண்ணி, அக்கா. குளோரின் போட்டிருக்கேன். ரெண்டு நாள்ல க்ளியர் ஆயிடும். நான் இருக்கேன்ல?”

இருக்கிறார். ஆனால் மாடியில் வெயிட்ஸ் மாஸ்டர் வேலையை விட்டுப் போனதிலிருந்து ஏழு முதல் எட்டு வரை அங்கேயும் அவரே. அந்த ஒரு மணி நேரம் குளத்தருகே ஆள் இல்லை. அதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “அத சார்கிட்ட சொல்லுங்க, என்கிட்ட ஏன்?” நியாயம்தான்.

தாள் நிரப்பும் உற்சாகம் பலமாக இருக்கிறது. பெட்டியில் போடுவதற்கு முன் வாய்விட்டுப் படித்தும் காட்டுகிறார்கள். காதில் விழுந்தவை:

– ட்ரெட்மில் ஒன்று ஓடுகிறது, ஒன்று முனகுகிறது.
– பாட்டு சத்தம் அதிகம். (உடனே இன்னொருவர்: பாட்டு சத்தம் போதாது.)
– “இங்க மனுஷன மனுஷனா மதிக்கறாங்க, பெரிய ஜிம்ல தொப்பையப் பாத்து சிரிப்பாங்க.”
– லேடீஸ் பேட்ச் பத்மா அம்மா: “எனக்கு அம்பத்திரண்டு வயசு. தண்ணிக்குள்ள இறங்கினா முட்டி வலியே இல்ல. அத எழுதிட்டேன். கொக்கி பத்தியும் எழுதிட்டேன்.”

தண்ணீர் கலங்கல் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்கு மட்டும்தான் கண் கோளாறா?

செப்டம்பர் 8, புதன்

மாதா பிறந்தநாள். சிவாஜிநகர் மாதா கோவிலுக்குப் போகும் பஸ்ஸெல்லாம் காவிப் புடவை. போக முடியவில்லை, மனதுக்குள் ஒரு ஜெபமாலை.

துணிந்து சாரிடம் சொன்னேன். கணக்குப் பிள்ளையோடு போனில் இருந்தார். ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “மெம்பர்ஸ் யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?”

“இல்ல சார்.”

“அப்பறம் என்னம்மா? உன் வேலை டெஸ்க். தண்ணிய டேவிட் பாத்துப்பான்.”

சரி சார் என்று வந்துவிட்டேன். எப்போதும் அதுதான் என் வாயில் வருகிறது.

செப்டம்பர் 9, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

ஏழரைக்குக் குளத்துப் பக்கம் போனேன். தண்ணீரில் யாரும் இல்லை. ஆழப் பக்கக் கரையில் ஒரு ஜோடி செருப்பு, ஒரு துண்டு, ஒரு மூக்குக் கண்ணாடி. தண்ணீர் அசையாமல் இருந்தது. குனிந்து பார்த்தேன். வெள்ளை, வெறும் வெள்ளை. “டேவிட்!” என்று கத்தினேன். அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. மாடியிலிருந்து ஓடிவந்து பேன்ட்டோடு குதித்தார்.

அவர் அடியில் துழாவிக்கொண்டிருக்கும்போதே செருப்புக்காரர் பாத்ரூமிலிருந்து வந்தார். பேங்கில் வேலை பார்ப்பவர். சிரித்தார். “என்ன சிஸ்டர், என்னைக் கொன்னே போட்டீங்களா?” சத்தம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டேவிட் மட்டும் சிரிக்கவில்லை. என்மேல் கோபமா, வேறேதாவதா தெரியவில்லை.

மத்தியானம் ஹாலில் யாரும் இல்லாதபோது ஒரு தாள் எடுத்தேன். இடது கையால், தமிழில்: ‘ஆழப் பக்கத்தில் தரை தெரியவில்லை. ஏழு மணிக்குக் காவலுக்கு ஆள் இல்லை. யாராவது சாவதற்கு முன் மூடுங்கள்.’ பெயர் போடவில்லை. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மெம்பர் சொன்னால்தானே சார் கேட்பார். 

செப்டம்பர் 11, சனி

பெட்டியைத் திறந்தார். இங்கிலீஷ், கன்னடம் அவரே படித்தார், முகமெல்லாம் சந்தோஷம். தமிழ் பேசுவாரே தவிரப் படிக்க வராது. தமிழ்த் தாள் மூன்று. “நீ படி.” என் கையெழுத்தை நானே உரக்கப் படித்தேன்.

“இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“சாவாங்கன்னு எழுதியிருக்கானா? எவன் இவன்? புது ஜிம்காரன் அனுப்பின ஆளு.” மேசையைத் தட்டினார். “தமிழ்ல எழுதறவன்... அந்த செந்தில்!”

செந்தில் திருவண்ணாமலைப் பக்கம். போனில் கஸ்டமருக்குப் பதில் சொல்லும் வேலை, நைட் ஷிப்ட். போன வருடம் ஓசூர் ரோட்டில் பைக் விபத்து, வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் நடந்தால்தான் கால் மடங்கும் என்று டாக்டர் சொன்னதால் ஷிப்ட் முடிகிற காலைகளில் ஏழு மணிக்கு வருவார். ஷவர், ஃபேன், சோப்பு என்று எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் சாருக்கு அவரைப் பிடிக்காது.

“செந்தில் தாள் இங்க தனியா இருக்கு சார். பேரோட. ஷவர்ல சுடுதண்ணி வரலன்னு.”

“ரெண்டு எழுதியிருப்பான்.”

அதோடு வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் அருளிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, திங்கள்

என் மேசை முன்னாலேயே நடந்தது.

“இது நீ எழுதினதுதானே?” சார் தாளை நீட்டினார்.

செந்தில் வாங்கிப் பார்த்தார். நிதானமாக, ரொம்ப நேரம். “நான் எழுதல சார்.”

“அப்ப யாரு?”

“தெரியாது.”

“ஜிம் பிடிக்கலன்னா வராத. இன்னியோட போதும். மிச்சப் பணத்த ஸ்டெல்லா தருவாங்க.”

“சார், காலுக்காகத்தான் வரேன். இன்னும் ரெண்டு மாசம் சார்.”

சார் உள்ளே போய்விட்டார். செந்தில் லாக்கர் சாவியை என் முன்னால் வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். படியிறங்கும்போது அந்தக் காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.

செப்டம்பர் 14, செவ்வாய்

அருளிடம் கொட்டிவிட்டேன். ஃபேக்டரி மூடி எட்டு மாதம், வீட்டில் இருக்கிறார். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்.

“ஒத்துக்கிட்டா உன்ன அனுப்பிடுவாரு.”

“தெரியும்.”

“வீட்ல ஒரு சம்பளம்தான் வருது.”

“தெரியும்ங்க.”

கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “அந்தாளு கால் என்ன ஆகும்?” என்றார்.

செப்டம்பர் 15, புதன்

சொல்லிவிட்டேன்.

பத்து மணி, சார் காபி குடித்துக்கொண்டிருந்தார். “சார், அந்தத் தாள் நான் எழுதினது.” நம்பவில்லை. செந்தில்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் பேனாவையே எடுத்து இடது கையால் அதே முதல் வரியை எழுதிக் காட்டினேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் சாய்வு தெரியுமே.

“எங்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன் சார். போன புதன். நீங்க போன்ல இருந்தீங்க.”

எழுந்துவிட்டார். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். மூலையில் கிடந்த மஞ்சள் டம்பெல் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகக் குளத்துக்கு. பின்னாலேயே ஓடினேன். ஆழப் பக்கத்தில் தூக்கிப் போட்டார். அரை நொடி மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை.

“டேவிட், அது எங்க இருக்கு சொல்லு.”

டேவிட் கரையோரமாக நடந்து நடந்து பார்த்தார். “தெரியல சார்.”

“இறங்கி எடு.”

முதல் முறை வெறுங்கையோடு வந்தார். இரண்டாவது முறையும். மூன்றாவது முழுக்கில் எடுத்துக்கொண்டு வந்தபோது மூச்சு வாங்கியது. கரையைப் பிடித்தபடியே, “அக்கா பத்து நாளா சொல்லிட்டிருக்காங்க சார். நான்தான் கேக்கல,” என்றார்.

சார் தலையில் கை வைத்தார். “ஐயோ, ஏன் மாடோது... என்ன பண்றது.” பிறகு, “மூடு. இப்பவே கயிறு கட்டு.”

என் வேலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் பயம்.

செப்டம்பர் 16, வியாழன்

இன்று மெம்பர்களின் கருத்துகள், தாள் இல்லாமலே:

– “பூலுக்காகத்தான் சேர்ந்தோம், இப்ப மூடினா?”
– “ஒரு ரிசப்ஷனிஸ்ட் பேச்சக் கேட்டு யாராவது மூடுவாங்களா?”
– “இத்தன நாள் யாருக்கு என்ன ஆச்சு?”
– பேங்க்காரர்: “சிஸ்டருக்கு செருப்பப் பாத்தாலே பயம்.”

பத்மா அம்மா மட்டும் கிட்ட வந்து மெதுவாக, “நல்லதும்மா. எனக்கும் அந்தப் பக்கம் போக என்னமோ மாதிரிதான் இருந்துச்சு,” என்றார். அப்புறம் ஏன் எழுதவில்லை என்று கேட்க நாக்கு வரை வந்தது.

செப்டம்பர் 17, வெள்ளி

தண்ணீர் முழுக்க இறைத்தாயிற்று. ஃபில்டர் மெக்கானிக் அடியில் இறங்கி எங்களைக் கூப்பிட்டார். ஏணியில் இறங்கினேன். குளத்துக்குள் என் கால் பட்டது அதுதான் முதல் முறை, அதுவும் தண்ணீர் இல்லாதபோது.

ஆழப் பக்கத் தரையில் தண்ணீரை மோட்டார் உறிஞ்சுகிற துவாரம். மேலே இருக்க வேண்டிய கம்பி மூடி ஒரு பக்கம் பெயர்ந்து, ஸ்க்ரூ இல்லாமல் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே கொத்துக் கொத்தாக முடி.

“மோட்டார் இழுக்கற இழுப்புக்குப் பொம்பளைங்க பின்னல் இதுல மாட்டுச்சுன்னா மேல வரவே முடியாதும்மா. கலங்கல்ல யாரு பாப்பா?” என்றார் மெக்கானிக்.

பத்மா அம்மாவின் பின்னல் இடுப்பு வரை.

சார் அந்தக் காய்ந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “என் பொண்ணு லீவுல இதுலதான் நீச்சல் கத்துக்கிட்டா,” என்றார். யாரிடமும் இல்லை, தரையிடம். பிறகு என்னைப் பார்த்து, “அந்த செந்தில் அட்ரஸ் இருக்கா?”

செப்டம்பர் 19, ஞாயிறு

நேற்று கணேஷா பண்டிகை லீவு. இன்று சர்ச்சில் பூசை முடிந்து அருளோடு கிளம்பினேன். ரிஜிஸ்டரில் இருந்த அல்சூர் ரூமில் செந்தில் இல்லை. கூட இருந்தவர், அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்று பொம்மனஹள்ளி விலாசம் எழுதிக் கொடுத்தார். இரண்டு பஸ் மாறி, சந்து சந்தாகக் கேட்டு.

மாடிப்படியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். “உக்காருங்க செந்தில்,” என்றேன். “அந்தத் தாள்...”

“நீங்கதான்னு தெரியும் மேடம்.”

“எப்படி?”

“தினமும் காலையில ஆழப் பக்கம் குனிஞ்சு பாக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

“தெரிஞ்சுமா சார்கிட்ட சொல்லல?”

“சொன்னா உங்கள அனுப்பிடுவாரு.” எண்ணெய்க் கையைத் துடைத்தார். “பெருந்தன்மைன்னு நினைக்காதீங்க. வந்து மூணு நாள் உங்களத் திட்டிக்கிட்டேதான் இருந்தேன். அப்பறம் திட்ட முடியல.”

“ஏன்?”

“எனக்கும் தரை தெரியல மேடம். தாள கையில வச்சுக்கிட்டு யோசிச்சேன். எழுதினா மூடிடுவாங்க, என் கால் என்ன ஆறது? ஷவர்னு எழுதிப் போட்டுட்டேன்.”

அருள் வேறு பக்கம் பார்த்தார். செந்திலின் அக்கா டீ கொண்டுவந்தார். மூடி பெயர்ந்திருந்ததைச் சொன்னபோது செந்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நடந்து முடிச்சதும் நான் முழுகி, அடியில கைய ஊனி மேல வர்ற இடம் அது,” என்றார்.

சார் வரச் சொன்னதைச் சொன்னேன். ஷிப்ட் முடிந்ததும் ஆபீஸ் வண்டி அல்சூரில் இறக்கிவிடுமாம். வருவதாகச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, திங்கள்

மழை இல்லை. ஐந்தே முக்காலுக்கே திறந்துவிட்டேன்.

புது மூடி, புது ஸ்க்ரூ, டேவிட் மூன்று முறை முழுகிப் பார்த்தாயிற்று. மாடிக்கு வேறு ஆள். கறுப்புக் கோடு தெரிகிறது, மூலை வரை. நோட்டீஸ் அடிக்கும் பேச்சை சார் எடுக்கவில்லை. என் வேலையைப் பற்றியும் எடுக்கவில்லை. இருக்கிறது என்றுதான் அர்த்தம் போல.

ஏழு மணிக்குச் செந்தில் வந்தார். சார் எழுந்து நின்று, “சுடுதண்ணி வருது இப்ப,” என்றார். செந்தில் தலையாட்டிவிட்டு லாக்கர் சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டார்.

ஏணியைப் பிடித்து, அந்தக் காலை முதலில் வைத்து இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கத் தொடங்கினார். பேங்க்காரர் குதித்தார். இன்னும் சிலர். டேவிட் கரையில், நாற்காலியில், கண்ணை எடுக்காமல்.

என் வேலை டெஸ்க். ஆனாலும் போய் நின்றேன். தண்ணீரில் ஏழு பேர். எண்ணினேன், ஏழு தலை. மறுபடி எண்ணினேன். ஆறு. பேங்க்காரர் அந்தக் கோடியில் மேலே வந்தார். ஏழு.