மிலான் சுவரின் முன் பதினைந்து நிமிடம்

மே 14, 2024. குத்தாயிசி

பெட்டி கட்டியாயிற்று. வெளிநாட்டில், மிலானில் வேலை பார்க்கும் என் மகள் கதூனாவைப் பார்க்கப் போகிறேன். அவள் கிளம்பியது 2008 மார்ச் 9, ஞாயிறு, மழை, கையில் பழுப்புப் பை. ஒரே வருஷம் என்று சொல்லிப் போனவள். அப்போது அவள் மகள் தெக்லேக்கு எட்டு வயது. வரும் செப்டம்பரில் தெக்லேக்குக் கல்யாணம்.

தன் அப்பன் சாவுக்கும் கதூனா வரவில்லை. அங்கே தங்க அனுமதிக் காகிதம் இல்லை, எல்லையில் பிடிப்பார்கள் என்றாள். சரி. காகிதம் கிடைத்து மூன்று வருஷமாயிற்றே, இப்போது என்ன?

மே 19, மிலான்

கதூனா எர்சீலியா என்ற கிழவியின் வீட்டிலேயே தங்கி அவளைப் பார்த்துக்கொள்கிறாள். தொண்ணூற்றொரு வயது. சூப் ஊட்டும்போது கதூனா தன் வாயையும் சேர்த்துத் திறக்கிறாள். தெக்லேக்கு நான்தான் ஊட்டினேன்.

வியாழன் பிற்பகலும் ஞாயிறும் மட்டும் விடுப்பு.

"வியாழக்கிழமை, சுவர்ல வரைஞ்ச இயேசுவோட கடைசி விருந்துப் படம் பார்க்கப் போறோம்மா. மூணு மாசம் முன்னாலயே சீட்டு எடுத்துட்டேன். உள்ள பதினஞ்சு நிமிஷம்தான் விடுவாங்க."

"பதினஞ்சு நிமிஷத்துல யாருடி விருந்து சாப்பிடுவா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த இயேசு முன்னால் நிறுத்தி, கல்யாணத்துக்கு வந்து வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று சத்தியம் வாங்கப்போகிறேன். சாமி படத்தின் முன் சொன்னதை எங்கள் பக்கத்தில் மீற மாட்டோம். பக்கத்து வீட்டு ஷோத்தா மீறினான். 1983இல், எங்கள் அக்ரூட் மரம் தன்னுடையது என்று பொய்ச் சத்தியம் செய்தான். இன்றுவரை அவனோடு எனக்குப் பேச்சில்லை.

மே 22

"நாளைக்கு அந்தப் படத்து முன்னால உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இங்கயே கேளேன்மா."

"இல்ல. அங்கதான்."

துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள்.

மே 23

படம் இருக்கும் கட்டடத்தின் வாசலில் கதூனா சீட்டை என் கையில் திணித்தாள். "மருந்துக் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன், நீ வரிசையில நில்லு." வரவில்லை. வரிசை உள்ளே போனது, நானும் போனேன். கண்ணாடிக் கதவு மூடியது. மூடினால் பிறகு யாரையும் விடமாட்டார்களாம்.

சுவர் முழுக்க மேசை. பதின்மூன்று பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். எங்கள் ஊர் விருந்துபோல வாழ்த்துச் சொல்லி நடத்த ஆளில்லாத விருந்து! நடுவில் இருப்பவர் மட்டும் சும்மா, குனிந்த பார்வையோடு. படத்தின் முன் ஏற்றக் கொண்டுவந்த மெழுகுவர்த்தியைப் பையிலிருந்து எடுத்தேன். காவலாளி ஓடி வந்து கூடாது என்று தலையை ஆட்டினாள். திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பிறகு திரும்பிக்கொண்டேன். உலகமே பார்க்க வரும் சுவருக்கு முதுகைக் காட்டிக் கதவையே பார்த்து நின்றேன். பதினைந்து நிமிடமும்.

வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் மருந்துப் பை இல்லை.

"கடைக்கே போகலியாடி?"

"போகல."

"அப்போ இங்கயேதான் இருந்தியா?"

"நீ சத்தியம் கேப்பேன்னு தெரியும்மா. உள்ள வந்தா இல்லேன்னு சொல்ல முடியாது. பொய்யா சொல்லவும் எனக்கு வராது."

"உன் வீடுடி அது."

"அங்க எனக்கு யாரும்மா இருக்கா? தெக்லேக்கு நான் போன்ல வர்ற ஒரு குரல். அவ அம்மான்னு கூப்பிடுறது உன்னை."

டிராமில் ஏறிப் போனோம்.

மே 24

முதல்முறை தெக்லே என்னை அம்மா என்றது 2009 நவம்பர், முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இல்லடி, பாட்டி என்று திருத்தியிருக்கலாம். ஏன் திருத்தவில்லை? இனித்தது. அதுதான். ஊரில் எல்லார் குற்றமும் தேதியோடு நினைவிருக்கிறது. இதை மட்டும் இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 22, குத்தாயிசி

கல்யாணம் முடிந்தது. கதூனா வந்தாள், நான்கு நாள். கழுவிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த அலமாரிம்மா?" என்றாள்.

அக்டோபர் 6

ஞாயிறு. கதூனா போன் செய்தாள். பதினாறு வருஷமாக "எப்போ வர்றே?" என்றுதான் தொடங்குவேன். இன்று தொடங்கவில்லை.

"என்னம்மா, ஒண்ணும் கேக்கலியா?"

"அங்க குளிர் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.