இலக்கம் கேட்ட வீடு

கொட்டாஞ்சேனை,
1938 ஆவணி.

அன்பு மகள் செலீனுக்கு,

தேவமாதா உன்னையும் மருமகன் பேதுருவையும் காப்பாராக. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை நீயே எழுதி நாங்கள் அறிந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. இது உனக்குப் பேறு மாதம் என்று அம்மா விரல் மடித்து எண்ணிக்கொண்டிருக்கிறாள், பினாங்கிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. தையல் பெட்டியைத் திறந்துவைத்துச் சின்னச் சட்டைகள் தைத்துக்கொண்டேயிருக்கிறாள்.

நீ போய்ச் சேர்ந்தபோது அடித்த தந்தி பக்கத்துக் கிராண்ட்பாஸ் பகுதி முழுவதும் அலைந்துவிட்டு எங்களிடம் வந்ததை எழுதியிருந்தேன், மறந்திருக்கமாட்டாய். நம் ஒழுங்கைக்குப் பெயரும் இல்லை, வீடுகளுக்கு இலக்கமும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல, துறைமுகத்தில் பெட்டிகளின் மேல் இருந்ததைப் பார்த்து இங்கிலீசு எழுத்துப் பழகியவன். விலாசம் இல்லாத பெட்டி எத்தனை நல்ல சரக்கானாலும் கொட்டகையில் கிடந்து அழுகும். நீ பிள்ளை உண்டாயிருப்பதாக எழுதியவுடன், அந்தச் செய்தியாவது நேரே வரட்டும் என்றுதான் ஒழுங்கைக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் கேட்டு முனிசிப்பல் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதினேன். ஒழுங்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டு மாக்ரெட்தான் முதலில் போட்டாள். அதை இப்போது ஒருவரும் நினைக்க விரும்பவில்லை.

கந்தோரிலிருந்து பதில் வரவில்லை, சர்வேயர் வந்தார். இவ்வளவு ஒடுங்கிய வழிக்குத் தெரு என்று பெயர் வைக்கச் சட்டம் இடம் தராதாம், அகலமாக்கினால் வைக்கலாமாம். நாடா பிடித்து அளந்து ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எது வரை இடிபடும் என்று சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார். நம் வீட்டில் கோடு நீ உட்கார்ந்து படிக்கும் ஜன்னலுக்கு உள்ளே வருகிறது. மாக்ரெட் வீட்டில் அவள் புருஷன் எழும்பமாட்டாமல் கிடக்கும் முன்னறை முழுதும் போகிறது. பிளேக் காலத்திலும் இப்படித்தான் வந்து சுவரில் குறி வைத்தார்கள், குறி வைத்த வீட்டில் பிறகு அடுப்பு எரியவில்லை என்று சொல்லி அம்மா அந்தக் கோட்டின் மேல் பழைய சேலையைத் தொங்கவிட்டிருக்கிறாள்.

அன்று பின்னேரம் எல்லோரும் வாசலில் கூடினார்கள். நம்பர் கேட்டியள் அண்ணை, வீட்டையே புடுங்க வந்திட்டாங்கள், நாளைக்கே போய்ப் பெட்டிசத்தைத் திருப்பி வாங்குங்கோ, இந்த மனுசனை நான் எங்க தூக்கிக்கொண்டு போறது என்று மாக்ரெட் அழுதாள். கேட்டது நியாயம், நியாயத்தைத் திருப்பி வாங்குவதில்லை, அகலமாக்குவதை எதிர்த்து இன்னொரு பெட்டிசம் எழுதுவேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, சரி, அவருக்கு நம்பர்தானே வேணும், இனி இந்த ஒழுங்கையில அவருக்குப் பேர் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதன் பிறகு யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. கோவிலில் அம்மாவுக்குப் பக்கத்து இடம் வெறுமையாக இருக்கிறது.

இனி எழுதுவதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை நான் கந்தோருக்கும் அவள் கோவிலுக்கும் போயிருந்தோம். மறுநாள் முனைக்கடை மீரா சாஹிப் என்னை உள்ளே கூப்பிட்டு, ஐயா, நேத்து நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் தந்திக்காரன் உங்கட பேரச் சொல்லிக் கேட்டு வந்தானாம், அப்பிடி ஒரு ஆள் இங்க இல்லையெண்டு ஒழுங்கையில உள்ளவங்க அனுப்பிட்டாங்களாம், கடை திறந்திருந்தா விட்டிருக்கமாட்டேன் என்றார். உடனே தபால் கந்தோருக்கு ஓடினேன். ஆள் இல்லை என்று எழுதி மலாயாவுக்கு அறிவித்தாயிற்று என்றார் குமாஸ்தா. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். இல்லாத ஆளுக்கு வந்ததை யாரிடம் சொல்றது பெரியவர் என்று சிரித்தார். அங்கிருந்தே பேதுருவுக்குத் தந்தி அடித்தேன். பதில் இல்லை.

வரும் வழியில் மாக்ரெட் வாசலில் நின்றாள். தந்தியைப் பற்றி அவளுக்குத் தெரியும், முகத்தில் இருந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தாள். நான் நிற்கவில்லை. பெட்டிசத்தை இன்றும் திருப்பி வாங்கவில்லை, வாங்கப் போவதும் இல்லை. வாங்கினால் அந்தத் தந்தி வீணாகத் திரும்பிப் போனதாகிவிடும்.

பிள்ளை பெற்ற உடம்பென்றால் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. பேதுரு வேலைக்குப் போகும் நேரத்தில் தனியே இராதே. உனக்கும் உன் மடியில் இருக்கும் உயிருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மறக்காதே. உறையின் மேல் மீரா சாஹிப் கடை என்று போடு. விலாசத்தைப் பேதுரு எழுதினாலும் சரி. உள்ளே இருப்பது உன் கையெழுத்தாக இருக்க வேண்டும். இரண்டு வரி போதும்.

உன் அப்பா,
சவுந்தரநாயகம்