உங்கள் கபர் மேல் கட்டடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

என் அன்பு அத்தா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் யாராவது உங்களைத் தேடி நிற்கிறார்கள். மௌத்தாகிவிட்டார் என்று எத்தனை முறைதான் சொல்வது? சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

மூட்டை தூக்கும் காதர் பாய்க்கு அரபி ஓர் எழுத்தும் வராது. நீங்கள் இமாமாக இருந்த பள்ளிவாசலில், தொழுகை வரிசையில் நின்று, "அல்லா, உனக்கே தெரியும்" என்று சத்தமாகத் தமிழில் சொல்லி அழுவார். அவரை வரவேண்டாம் என்று சொல்லும்படி நிர்வாகிகள் உங்களிடம் கேட்டார்கள். "அவரு சொல்றது நேரா போவுது. நம்ம சொல்றதுதான் சுத்திக்கினு போவுது" என்றீர்கள். அந்த மாதமே உங்களை நீக்கிவிட்டார்கள்.

அதன்பின் கல்வராயன் மலை ஊர்களுக்குப் பஸ் ஏறிப் போய், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். வீட்டை மறந்துவிட்டீர்கள் என்று அம்மா கோபித்தார், நானும்தான். பள்ளிவாசலை விட்டு நீக்கியதில் உங்களுக்கு வருத்தமே இல்லையா?

போன வாரம் அதே நிர்வாகிகள் வந்தார்கள்.

"ஜனங்க ஜாஸ்தியா வராங்கம்மா. உங்க அத்தா, நம்ம அஜரத்து, அடங்கியிருக்கிற கபர் மேல ஒரு தர்கா கட்டிடலாம். சரின்னு ஒரு கையெழுத்துப் போடு" என்றார் தலைவர்.

"உயிரோட இருந்தப்ப அவர உள்ள நிக்க வுடல. இப்ப இன்னாத்துக்குக் கட்டடம்?" என்று கேட்டுவிட்டேன். அவர்கள் முகம் சுண்டிப்போனது. காதர் பாய்கூட, "கட்டட்டும்னு வுட்டிருக்கலாமே பாப்பா" என்றார். நான் செய்தது சரியா, அத்தா?

நேற்று கருணாபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கள்ளச்சாராயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்தவர். ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டி, "ஓதிக் குடும்மா. மனசு அடங்க மாட்டேங்குது" என்றார்.

"எங்க அத்தா மாதிரி எனக்கு ஓதத் தெரியாதும்மா."

"தெரியாட்டி போவுது. கொஞ்ச நேரம் பக்கத்துல குந்து."

உட்கார்ந்தேன். அவர் பேசினார், அழுதார். நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டு, "நீயும் எளச்சிக் கெடக்குற. போய்ப் படு கண்ணு" என்றார். நீங்கள் போன அன்றைக்கு வராத அழுகை, அத்தா, அப்போது வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருணாபுரம் போய் அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். எவ்வளவு அசதியாக இருந்தாலும் போவேன்.

உங்கள் ஒரே மகள்,
மெகரு