பன்னிரண்டரை மணிக் கோடு

மார்ச் 4

அன்புள்ள வெடிக்காரருக்கு,

நலம். உலகத்துக்கு எங்கிருந்தெல்லாம் ஆபத்து வரும் என்று காட்ட, எங்கள் ஆசிரியர் குழுவை இந்த வெளிநாட்டில் ஆய்வகம் ஆய்வகமாக அழைத்துப் போகிறார்கள். இன்று பனிக்கட்டிக் கூடம். துருவத்தில் தோண்டி எடுத்த பனியில் குமிழி குமிழியாக அந்தக் காலத்துக் காற்று. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டதும் படபடவென்று வெடித்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மூச்சு என் கன்னத்தில் பட்டது. வெகுநேரம் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே நின்றேன்.

பயணம் முடிந்ததும் இங்கேயே மூன்று வருடம் வேலை தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இருக்கட்டுமா, வரட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள். "உன் இஷ்டம்" என்றால் கெட்ட கோபம் வரும்.

உங்கள்
டீச்சர்

மார்ச் 11

அன்புள்ள டீச்சருக்கு,

உன் இஷ்டம். கோபப்படாதே. கல்குவாரியில் வெடி வைக்கிறவனிடம் உலகத்தைப் பற்றி யோசனை கேட்டால் வேறென்ன சொல்வான்? குவாரி அப்படியே இருக்கிறது, நானும்தான். இருபது வருடமாகப் படத்தில் காட்டிய தேசங்களை நேரில் பார்க்கிறாய். மனதைக் குழப்பிக்கொள்ளாதே. போன் வேண்டாம், லைன் சரியில்லை. கடிதமே போடு.

வெடிக்காரன்

மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இதைக் கேளுங்கள். இங்கே பூமிக்கடியில் ஓர் அறை. திரை முழுக்கக் கோடுகள். எந்தக் கடலிலோ அலை மோதினால்கூட மெல்ல அசைகின்றன. பூமி தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது.

"யாராவது ரகசியமா அணுகுண்டு வெடிச்சா இங்க தெரிஞ்சிடும். குவாரி வெடியைப் பார்த்துப் பயந்துடக் கூடாதில்ல, அதனால ஒவ்வொரு குவாரியோட பழக்கமும் எங்களுக்கு அத்துப்படி," என்றார் அங்கிருந்த விஞ்ஞானி அம்மா. "இதைப் பாருங்க, உங்க ஊர்ப் பக்கத்துக் கருவி அனுப்புற கோடு. அங்க பகல் பன்னிரண்டரைக்குச் சின்னதா ஒண்ணு. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பெரிசு. ஏன்னுதான் புரியல."

"பறவைங்க பறந்து போகட்டும்னு. அது எங்க வீட்டுக்காரர்," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கேலி செய்யாதீர்கள்.

இப்போது தினமும் அந்தக் கோட்டைப் பார்த்து, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பிடப் போகிறேன்.

உங்கள்
டீச்சர்

மார்ச் 27

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தக் கோடு நான் இல்லை.

நீ புறப்பட்ட மறுவாரமே காதைச் சோதித்து என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதும் பாதிதான். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. என் இடத்துக்கு வந்தவரிடம் பறவைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன், பாவம், தவறாமல் செய்கிறார்.

சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று மறைத்தேன். ஆனால் யாரோ ஒருவர் வைத்த வெடியைப் பார்த்து நீ நிம்மதியாகச் சாப்பிடுகிறாய் என்று படித்தபோது தாங்க முடியவில்லை. வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. பயமாக இருக்கிறது.

ஒரு வார்த்தை கேட்டாயே. வந்துவிடு.

வெடிக்காரன்

மார்ச் 30

அன்புள்ள வெடிக்காரருக்கு,

உங்களிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. பதில் சொல்ல நாளையோடு கெடு முடிகிறது. நேற்றுவரை தவித்துக்கொண்டிருந்தேன். இன்றும் அந்த அறைக்குப் போனேன். சரியாகப் பன்னிரண்டரைக்குச் சின்னது, பிறகு பெரியது. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், எனக்கென்ன கவலை என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில் மூன்று வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தினமும் உங்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கப் போகிறேன்.

உங்கள்
டீச்சர்