விழுந்த மரத்தின் மேல் ஒரு மூடி

செப்டம்பர் 11. வெயில்.
மிளகாயை முற்றத்தில் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். மலை மேலே இரும்புக் கோபுரம் கட்டிக் காற்றை அளக்கிறார்களே, அவர்களில் ஒருத்தி. பெயர் ஸெயொங். காடு எவ்வளவு கார்பனை உள்ளே இழுக்கிறது, எவ்வளவு வெளியே விடுகிறது என்று பார்ப்பதுதான் வேலையாம். தயங்கித் தயங்கிக் கேட்டாள். எங்கள் மலையில் விழுந்து கிடக்கும் பெரிய பைன் மரத்தை அறுக்காமல் விட முடியுமா என்று. அதையும் அளக்க வேண்டுமாம்.

என் புருஷனைக் கொன்ற மரம் அது. போன வருஷம் ஆகஸ்ட் புயலில் பாதையை மறித்துச் சாய்ந்து நின்றது. வெட்டப் போனவர் மேலேயே விழுந்தது. முதல் திதி முடிகிறவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது நன்றாகக் காய்ந்திருக்கும்.

முடியாதுன்னு சொல்லிட்டேன். துண்டு துண்டா அறுத்து என் அடுப்புல வச்சு எரிக்கப்போறேன்னு சொன்னேன். குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 12.
செத்த மரத்தில் அளக்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 14.
கொழுந்தன் தொக்ஸு போன் செய்தார். சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு மறுநாள் ரம்பத்தோடு வருகிறாராம். அடுப்புச் சூடு தரைக்கடியில் ஓடுகிற வீடு, குளிர்காலம் முழுக்கத் தரை சூடாகவே இருக்கும் என்றார். அந்தச் சூட்டுல படுக்கணும். அதுதான் எனக்கு வேணும்.

செப்டம்பர் 17. மேகம்.
மலைக்குப் போனேன். அந்தக் கேள்வி விடவில்லை. ஸெயொங் பக்கத்து ஓக் மரத்தடியில் மண் விடும் காற்றை அளந்துகொண்டிருந்தாள். இதிலும் ஒரு தடவை வைத்துக் காட்டு என்றேன். மரத்தின் மேல் ஒரு வளையத்தை ஒட்டி, அதன் மேல் மூடியைக் கவிழ்த்தாள். என் மூச்சும் உள்ளே போய்விடும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றாள். உள்ளே சேரும் கார்பனைக் காட்டும் கருவியாம், அதன் திரையில் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

அவரு மூச்சு நின்னு போச்சு, இது மூச்சு விடுதான்னு கத்திட்டேன்.

அவள் பயப்படவில்லை. "மரம் இல்லம்மா. மரம் செத்துப் போச்சு. காளானும் பூச்சியும் அதை உள்ள இருந்து தின்னுது. தின்னுட்டு விடுற மூச்சுதான் இது."

செப்டம்பர் 18.
தின்னட்டும்.

செப்டம்பர் 22. மழை விட்டது.
இன்று எண் அதிகம். ஏன் என்றேன். ஈரம் பட்டால் அதுகளுக்குப் பசி எடுக்குமாம். சிரிப்பு வந்தது.

நிற்கிற மரங்களை மட்டும் எண்ணிவிட்டு விழுந்ததை விட்டால் அரைக்கணக்கு என்றாள். எரித்தாலும் விட்டாலும் கடைசியில் காற்றுக்குத்தான் போகும், வேகம்தான் வேறு. எரித்தால்? ஒரு குளிர்காலம். விட்டால்? முப்பது வருஷம், நாற்பதுகூட ஆகலாம். சிலது மண்ணோடு தங்கும். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை.

ஒரு குளிர்காலம்தானா? அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சு போயிடுமா? அப்புறம் நான் யார் மேல கோபப்படுறது?

செப்டம்பர் 30. சூசோக்குக்கு மறுநாள்.
கொழுந்தன் ரம்பத்தோடு வந்தார். நான் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.
"தள்ளுங்க அண்ணி."
"சாப்பிட்டுட்டு இருக்கு. நடுவுல எழுப்பாதீங்க."
"எது?"
"காளான்."
என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார். பாதியில் அணைத்தார். "அண்ணனைக் கொன்னதுக்கா காவல் இருக்கீங்க?"

என்ன ஆகுதுன்னு நான் பாக்கணும் தம்பி என்றேன். எடுத்து வைத்திருந்த பலகாரத்தைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 9.
கொழுந்தன் போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 25. குளிர்.
எண் இறங்குகிறது. குளிரில் மந்தமாகத் தின்கின்றனவாம். பட்டை ஓரத்தில் விசிறி விசிறியாகக் காளான், பழுப்பு நிறம். தொட்டால் தோல் மாதிரி.

ஸெயொங்கிடம் ஒன்று கேட்டேன். இந்தக் கட்டையில் இருப்பதெல்லாம் மரம் காற்றிலிருந்து இழுத்தது என்றாளே. முப்பது வருஷம் இதில் ஏறி, உள்ளிருக்கும் பருப்புக்காகப் பைன் காய் பறித்தாரே அவர். அவர் விட்ட மூச்சும் இதற்குள் இருக்குமா? கருவியை அணைத்துவிட்டுச் சொன்னாள். "துளி இருக்கலாம்மா. ஆனா அளந்து சொல்ல முடியாது."
ஆமாம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. அது பிடித்திருந்தது.

நவம்பர் 16.
கொழுந்தன் வண்டி நிறைய ஓக் விறகு கொண்டுவந்தார். சுவரோரம் அடுக்கினார். சோயா விழுது சூப் வைத்தேன். இரண்டாவது கிண்ணத்தில்தான் வாய் திறந்தது. "அது இன்னும் சாப்பிடுதா அண்ணி?"
"குளிருக்குக் குறைச்சிருச்சு."
"அண்ணனும் குளிர்ல சரியா சாப்பிட மாட்டாரு" என்றார். அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

டிசம்பர் 8. பனி நின்று வெயில்.
ஸெயொங் ஊருக்குப் போயிருக்கிறாள். மரத்தின் மேலேயே விட்டுப் போன மூடியில் பனி தங்கினால் தட்டிவிடச் சொன்னாள். ஏறிப் போனேன். தட்டிவிட்டு, விலகி நின்று எண்ணைப் பார்த்தேன். இருக்கிறதா இல்லையா என்கிற அளவு, ஆனால் நின்றுவிடவில்லை. போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

ஏறின களைப்பு, முழங்கால் விண்விண்ணென்றது. வெயில் நன்றாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று.

எழுந்திருக்கவில்லை.